“அப்படியே அந்தக் கலர் வரணுங்க”: ஸ்கேனிங், கலர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஸ்கேனிங், டிசைன், பிரிண்டிங் வேலை செய்கிறேன். பவானியிலிருந்து ஜமக்காளம் வரும், சென்னிமலையிலிருந்து பெட்ஷீட் வரும், சிறுமுகைப் பட்டு வரும், யார் வீட்டுப் பரணிலிருந்தோ அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) போட்டோ வரும். எது வந்தாலும் கூடவே ஒரு வாக்கியமும் வரும்: “அப்படியே அந்தக் கலர் வரணுங்க.” அந்த ‘அப்படியே’க்குள் என்னென்ன இருக்கிறது என்று கவுன்டரில் நின்று தினமும் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்கேனர் போட்டோ எடுக்குதா, ஜெராக்ஸ் எடுக்குதா?

இரண்டும் இல்லை, அளக்கிறது. கண்ணாடிக்கு அடியில் ஒரு விளக்குப் பட்டை நகரும். அதோடு சேர்ந்து, தாளில் பட்டுத் திரும்பும் ஒளியை ஒரு சென்சார் வரிசை வாங்கும். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்களைப் போட்டுக்கொண்டே போகும். அந்தப் புள்ளிதான் பிக்சல். முழுக் கறுப்புக்கு மூன்றுமே 0, முழு வெள்ளைக்கு மூன்றுமே 255. குங்குமத்துக்கு 180, 20, 30 என்று ஏதோ வரும்.

இந்த வேலையைக் கணினிக்கு முதலில் செய்து காட்டியவர் அமெரிக்காவின் ரஸ்ஸல் கிர்ஷ். 1957-ல் தன் மூன்று மாதக் குழந்தையின் போட்டோவைத்தான் ஸ்கேன் செய்தார். 5 சென்டிமீட்டர் சதுரப் படம், 176-க்கு 176 பிக்சல். என் கடைக்கு வருவதிலும் பாதி குழந்தை போட்டோதான்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் கொடுப்பது எண். 180, 20, 30 என்பது எந்தச் சிவப்பு என்று அந்த எண்ணுக்கே தெரியாது. கீழே வரப்போகும் தகராறு எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

டிபிஐ எவ்வளவு வைக்கணும்? 300 போதுமா?

ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி அளக்கிறோம் என்பதுதான் டிபிஐ. சரியாகச் சொன்னால் ஸ்கேனுக்குப் பிபிஐ என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் டிபிஐ என்பது பிரிண்டர் தெளிக்கும் மைப்புள்ளிக் கணக்கு. ஆனால் ஊரே டிபிஐ என்கிறது, நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்த 300 எங்கிருந்து வந்தது? ஆப்செட் அச்சில் ஆர்ட் பேப்பருக்குப் பொதுவாக அங்குலத்துக்கு 150 கோடு என்ற கணக்கில் புள்ளித்திரை (படத்தைச் சின்னச் சின்ன மைப்புள்ளிகளாகப் பிரிக்கும் வலை) போடுவார்கள். ஒரு கோட்டுக்கு இரண்டு பிக்சல் இருந்தால் படம் நிற்கும். 150-ஐ இரண்டால் பெருக்கினால் 300. அவ்வளவுதான். செய்தித்தாளுக்குத் திரை இன்னும் சொரசொரப்பு, அதனால் 200 போதும். மண்டப வாசலில் கட்டும் பிளெக்ஸைப் பத்தடி தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள், அதற்கு 72-ஏ போதும்.

இதெல்லாம் பிரிண்ட் ஆகும் அளவுக்கான கணக்கு. ஸ்கேனில் பெரிதாக்கும் மடங்கையும் சேர்க்க வேண்டும். ஒன்றரை அங்குல அகலத்தில் அப்புச்சியின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதை 12 அங்குலமாக்கிச் சுவரில் மாட்டணும். எட்டு மடங்கு. 300 பெருக்கல் 8, ஆக 2400 என்று கணக்கு சொல்லும். ஆனால் பழைய பிரிண்டில் அவ்வளவு விவரம் இருக்காது. 600, மிஞ்சினால் 1200-க்கு மேல் போனால் தாளின் நாரும் தூசியும்தான் பெரிதாக வரும், அப்புச்சியின் முகம் கூடுதலாகத் தெளியாது. நான் 1200-ல் நிறுத்திக்கொள்வேன். அத்தனை சின்னப் படத்துக்கு 6 அங்குலப் பிரேம்தான் அழகு என்று சொல்லிப் பார்ப்பேன், சிலர் கேட்பார்கள்.

ஃபைல் எவ்வளவு கனக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஏ4 தாளை 300-ல் எடுத்தால் 2480-க்கு 3508 பிக்சல். அமுக்காமல் வைத்தால் சுமார் 25 எம்பி. 600 ஆக்கினால் இரு மடங்கு என்று நினைக்காதீர்கள், நீளமும் அகலமும் இரட்டிப்பதால் நான்கு மடங்கு, 100 எம்பி.

ஸ்கேனர் பெட்டியில் 9600, 19200 என்றெல்லாம் போட்டிருக்கே?

அது மென்பொருள் நடுவில் கற்பனையாகச் செருகும் புள்ளி. பாலில் தண்ணீர் ஊற்றினால் லிட்டர் கூடும், அது மாதிரி. ‘ஆப்டிகல்’ என்று போட்ட எண்ணை மட்டும் பாருங்கள்.

24 பிட், 48 பிட் என்கிறார்களே, எது வேண்டும்?

ஒரு நிறத்துக்கு 8 பிட் என்றால் 256 படிகள். மூன்றுக்கும் சேர்த்து 24 பிட், மொத்தம் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் கலர். கண்ணுக்கு இது தாராளம். அப்புறம் எதற்கு 48?

திருத்தும்போது தெரியும். மங்கிய போட்டோவில் கறுப்பு சாம்பலாகியிருக்கும், வெள்ளை பழுப்பாகியிருக்கும். 256 படியில் நடுவே ஒரு 60 படிக்குள்தான் படமே இருக்கும். அந்த 60-ஐ இழுத்து 256-க்குப் பரப்பினால் இடையிடையே ஓட்டை விழும். வானத்திலும் கன்னத்திலும் படிக்கட்டு மாதிரி பட்டை தெரியும். 48 பிட்டில் ஒரு நிறத்துக்கு 65,536 படி இருப்பதால் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். திருத்தப் போகும் படத்தை 48-ல் எடுங்கள், திருத்தி முடித்ததும் 24 ஆக்கிக்கொள்ளலாம். சிட்டா, பட்டா, ஜாதகத்துக்கெல்லாம் இது வேண்டாம்.

‘ஆட்டோ’ பட்டனையும் அணைத்து வையுங்கள். படத்தைப் பளிச்சென்று காட்டுகிறேன் என்று வெள்ளையைத் தூக்கிவிடும். வேட்டி மடிப்பெல்லாம் 255-க்குப் போய் வெற்று வெள்ளையாகிவிட்டால் எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாது.

வீட்டில் இருக்கும் ஆல்-இன்-ஒன் பிரிண்டரில் ஸ்கேன் செய்தால் துணி மங்கலாக வருதே?

அது அநேகமாக சிஐஎஸ் வகை. சென்சார் கண்ணாடியை ஒட்டியே இருக்கும். மெலிசான மெஷின், கரன்டும் குறைவு, ஆனால் கண்ணாடியில் அப்பிக் கிடப்பது மட்டுமே கூர்மையாக வரும். மில்லிமீட்டர் கணக்கில் தூக்கினாலே மங்கும். சிசிடி வகையில் கண்ணாடி, லென்ஸ் வழியாக ஒளி சுற்றி வருவதால் சில மில்லிமீட்டர் ஆழம் வரை தெளிவு கிடைக்கும். ஜமக்காளத்தின் தடித்த ஊடை (குறுக்கே ஓடும் நூல்), புத்தகத்தின் நடு மடிப்பு, பிரேமில் கண்ணாடியோடு ஒட்டிப்போன போட்டோ எல்லாவற்றுக்கும் சிசிடிதான். கடையில் இரண்டும் வைத்திருக்கிறேன். தாளுக்கு ஒன்று, மற்றதற்கெல்லாம் மற்றொன்று.

மயில் கழுத்துக் கலர் பட்டு ஸ்கேனில் ஏன் வேற கலராக வருது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம்.

மயில் கழுத்து ஒரு கலர் கிடையாது. பாவில் (நெடுக்கே ஓடும் நூலில்) நீலம், ஊடையில் பச்சை ஓடுகிறது. பட்டு இழை வழவழப்பானது, ஒரு பக்கமிருந்து வரும் ஒளியை ஒரு பக்கமாகவே திருப்பும். சேலையை அசைக்கும்போது ஒருமுறை பாவு முந்தும், ஒருமுறை ஊடை முந்தும். கண்ணுக்கு மயில் கழுத்து திரும்புகிற மாதிரி இருக்கும்.

ஸ்கேனரில் விளக்கு ஒரே சாய்வில், ஒரே பக்கத்திலிருந்து அடிக்கிறது. சென்சார் நேர் மேலிருந்து பார்ப்பது மாதிரிதான். அதனால் ஒரு நிலை மட்டுமே பதிவாகும். ஒருமுறை சிறுமுகை சாஃப்ட் சில்க் ஒன்று கேட்டலாக் வேலைக்கு வந்தது. முந்தானை மேல் நோக்க வைத்து எடுத்தேன், நல்ல நீலம். கொண்டுவந்த அக்கா, “இது எங்க சேலையே இல்லைங்க” என்றார். அதே சேலையைக் கால் வட்டம் திருப்பிப் போட்டு எடுத்தேன், கரும்பச்சை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் வைத்துக் காட்டினேன். ஒரே சேலை, ஒரே ஸ்கேனர், இரண்டு கலர். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, “ரெண்டையும் போட்டுருங்க” என்றார். அதுதான் சரியான முடிவு. இந்த மாதிரிப் பட்டுக்கு ஸ்கேனரை விட, ஜன்னலோரம் லேசாக மடித்துப் போட்டு எடுத்த கேமரா படம் நியாயமாக இருக்கும். மடிப்பில் இரண்டு கலருமே தெரியும்.

ஜரிகைக்கும் இதே கதைதான். தங்கத்தின் கலர் என்று நாம் சொல்வதில் பாதி பளபளப்பு. அந்தப் பளபளப்பு சென்சார் இருக்கும் திசைக்குத் திரும்பாது. மிச்சம் மங்கின காப்பிப்பொடி கலர்தான் வரும். பிரிண்டில் ஜரிகை மின்ன வேண்டுமென்றால் தங்க மை அல்லது ஃபாயில், வேறு வழியில்லை.

பழைய பத்திரிகையில் வந்த படத்தை ஸ்கேன் செய்தால் கட்டம் கட்டமாகத் தெரியுதே?

அச்சடித்த படம் ஏற்கெனவே புள்ளிகளால் ஆனது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு நான்கும் வெவ்வேறு கோணத்தில் சாய்ந்து சின்னப் பூ மாதிரி கூடியிருக்கும். அந்த வலையின் மேல் ஸ்கேனர் தன் பிக்சல் வலையைப் போடுகிறது. இரண்டு கொசு வலையை ஒன்றன் மேல் ஒன்று பிடித்தால் அலை அலையாகத் தெரியும் இல்லையா, அதேதான். பெயர் மொய்ரே. ஸ்கேன் மென்பொருளில் ‘டீஸ்க்ரீன்’ இருக்கும். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 600-ல் எடுத்து, லேசாக மங்கவைத்து, 300-க்குக் குறைத்து, கடைசியாகக் கூர்மையாக்குவேன்.

கம்ப்யூட்டரில் பார்த்த கலர் பிரிண்டில் வரலையே, மை மோசமா?

மை பாவம்.

திரை தன் ஒளியைத் தானே உமிழ்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டினால் வெள்ளை. இது ஆர்ஜிபி. தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது, அறையின் ஒளியை வாங்கி மிச்சத்தைத் திருப்புகிறது. அதன் மேல் மை ஏற ஏறத் திரும்பும் ஒளி குறையும். சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் கறுப்பு வர வேண்டும், நிஜ மையில் அழுக்குப் பழுப்புதான் வரும். அதனால் கறுப்பைத் தனியாக நாலாவதாகச் சேர்க்கிறார்கள். இது சிஎம்ஒய்கே.

ஒவ்வொரு கருவிக்கும் தன்னால் காட்ட முடிந்த கலர்களின் எல்லை ஒன்று உண்டு. கேமட் என்பார்கள். திரையில் ஜொலிக்கும் கிளிப்பச்சை, ஆரஞ்சு, ஆனந்தா நீலம் எல்லாம் நான்கு கலர் ஆப்செட்டின் எல்லைக்கு வெளியே நிற்பவை. தலைகீழும் உண்டு. பிரஸ்ஸில் ஓடும் சுத்தமான சயானைச் சாதாரண மானிட்டரால் முழுசாகக் காட்ட முடியாது.

இதில் நான் பட்ட அடி ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் 500 காதுகுத்துப் பத்திரிகை. வீட்டுக்காரர் திரையில் ஆனந்தா நீலம் பார்த்து, “இதேதானுங்க தம்பி” என்றார். நானும் தலையாட்டி ஆர்ஜிபியாகவே பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். வந்தது கத்தரிப்பூ. சாயங்காலம் அவர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார், திட்டவில்லை, ஒரு பத்திரிகையை எடுத்து என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் என் கைக்காசில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். நீலத்தில் மெஜந்தா கூடினால் ஊதா பக்கம் சாயும் என்பது அன்றைக்குப் படித்த பாடம். இப்போது சிஎம்ஒய்கேவாக மாற்றினால் எப்படி இருக்கும் என்று திரையிலேயே காட்டும் ‘சாஃப்ட் புரூஃப்’ போட்டுக் காட்டாமல் எதற்கும் தலையாட்டுவதில்லை. அந்தக் கலர்தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் ஐந்தாவதாக அந்த மையையே கலந்து தனியாக ஓட்டலாம். ஸ்பாட் கலர், பான்டோன் என்பதெல்லாம் அதுதான். செலவு கூடும்.

புரொஃபைல், எஸ்ஆர்ஜிபி என்று பிரஸ்ஸில் கேட்கிறார்கள். என்ன சொல்ல?

180, 20, 30 எந்தச் சிவப்பு என்று எண்ணுக்குத் தெரியாது என்றேனே. அதைச் சொல்லும் சீட்டுதான் புரொஃபைல். படி என்றால் எந்த ஊர்ப் படி என்று கேட்போமே, அப்படி. 1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து, சாதாரண மானிட்டருக்குப் பொருந்துகிற மாதிரி எஸ்ஆர்ஜிபி என்ற படியை முன்வைத்தார்கள். அடோபி ஆர்ஜிபி 1998-ல் வந்தது. அதில் பச்சை, நீலப்பச்சைப் பக்கம் இடம் கூடுதல்.

கருவிக்குக் கருவி மொழிபெயர்க்க ஒரு நடுவர் வேண்டும். அது மனிதக் கண்ணை அடிப்படையாக வைத்து 1976-ல் வகுத்த லேப் என்ற அளவு. வெளிச்சத்துக்கு ஒரு எண், சிவப்பா பச்சையா என்பதற்கு ஒன்று, மஞ்சளா நீலமா என்பதற்கு ஒன்று. ஸ்கேனர் எண்ணை லேப் ஆக்கி, லேப்பைப் பிரிண்டர் எண்ணாக்குவது புரொஃபைலின் வேலை. இதற்குப் பொது வடிவம் கொண்டுவர அடோபி, ஆப்பிள், கோடக் போன்ற கம்பெனிகள் 1993-ல் கூடி அமைத்ததுதான் ஐசிசி.

உங்கள் ஸ்கேனருக்கே புரொஃபைல் போட வேண்டுமென்றால் ஐடி8 என்ற கலர்க் கட்டங்கள் அச்சிட்ட அட்டையை வாங்கி ஸ்கேன் செய்ய வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் நிஜ அளவும் அட்டையோடு வரும். உங்கள் மெஷின் எங்கே எவ்வளவு தப்புகிறது என்று மென்பொருள் கணக்குப் பார்த்துக்கொள்ளும். வீட்டு உபயோகத்துக்கு இவ்வளவு தேவையில்லை. எஸ்ஆர்ஜிபி என்று பதித்து அனுப்புங்கள், பெரும்பாலும் பிழைத்துப் போகும். எதுவும் பதிக்காமல் அனுப்புவதுதான் மோசம்.

கடையில் ஒரே கலராக இருந்த டி-ஷர்ட்டின் காலரும் பாடியும் வெயிலில் வேற வேறயாகத் தெரியுதே?

திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் எனக்கே பாடம் எடுப்பார்கள். மற்றவர்களுக்காக.

இரண்டு துணியை வேறு வேறு சாயக் கலவையில் முக்கி ஒரே கலராக்கலாம். ஒரு விளக்கின் கீழ் இரண்டும் ஒத்துப்போகும். விளக்கு மாறினால் பிரிந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு சாயமும் ஒளியின் ஒவ்வொரு பகுதியை விழுங்குகிறது. மெட்டமரிசம் என்பது இதுதான். அதனால்தான் பனியன் கம்பெனிகளில் சாம்பல் பூச்சடித்த லைட் பாக்ஸ் இருக்கும். பகல் ஒளிக்கு டி65, ஐரோப்பியக் கடை ட்யூப்லைட்டுக்கு டிஎல்84, பழைய குண்டு பல்புக்கு ஏ, வெளுப்பான் கலந்த துணியைக் கண்டுபிடிக்க யுவி. லேப் டிப்பை (சாயம் சரியா என்று பார்க்க முக்கிய மாதிரித் துணி) ஒவ்வொரு விளக்காக எரியவிட்டுப் பார்ப்பார்கள்.

ஸ்கேனருக்கும் இது பொருந்தும். அதன் விளக்கு அதனுடையது, அதன் மூன்று ‘கண்’ணும் நம் கண் மாதிரியே பார்ப்பதில்லை. நமக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு துணி அதற்கு வேறாகத் தெரியலாம். ஷேடு ஒப்புதலுக்கு ஸ்கேன் படத்தைத் துணி வாங்கும் பையருக்கு அனுப்பாதீர்கள் என்று நான் கையெடுத்துக் கும்பிடுவது இதனால்தான். அந்த வேலைக்கு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். 400 முதல் 700 நானோமீட்டர் வரை 10-க்கு ஒன்றாக எடுத்தால் 31 அளவு, ஸ்கேனரின் மூன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு ஷேடுக்கும் உள்ள வித்தியாசத்தை டெல்டா ஈ என்ற ஒரே எண்ணாகச் சொல்லும். 1-ஐ ஒட்டி இருந்தால் சாதாரணக் கண்ணுக்குப் பிடிபடாது.

ஆல்பத்தில் இருந்த பழைய கலர் போட்டோ சிவந்து போச்சு. சரியாகுமா?

1970, 80-களின் பிரிண்டில் சயான் சாயம்தான் பலவீனம். பீரோவுக்குள் இருட்டில் இருந்தாலும் அதுதான் முதலில் மங்கும். மிச்சமிருக்கும் மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து சிவப்பாகக் காட்டும். 48 பிட்டில் எடுத்து, சிவப்பு சேனலைத் தனியாக விரித்தால் ஆச்சரியப்படும் அளவுக்குத் திரும்பும். முழுசாகப் போய்விட்ட இடத்தில் திரும்பாது. நெகட்டிவ் இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள், பெரும்பாலும் பிரிண்டை விட நன்றாக இருக்கும். கலர் நெகட்டிவில் தெரியும் ஆரஞ்சு நிறம் அழுக்கு இல்லை, சாயங்களின் குறையை ஈடுகட்டக் கம்பெனியே வைத்தது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் மட்டும் ஸ்கேனரின் இன்ஃப்ராரெட் தூசி நீக்கி (கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பி, அதை மறைப்பதைத் தூசி என்று எடுப்பது) வேலை செய்யாது. அதில் படமே வெள்ளித்துகள், இன்ஃப்ராரெட்டை அது மறைக்கும், மெஷின் அப்புச்சியின் மீசையையும் தூசி என்று நினைத்துத் துடைக்கப் பார்க்கும்.

ஃபைல் ஜேபெக்கா டிஃப்பா? வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

மூலப்படி டிஃப். பார்க்க, பகிர ஜேபெக். ஜேபெக்கைத் திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் போகும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது இன்னும் அமுக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

சாமி ரூம்ல மாட்டின போட்டோ, கண்ணாடியோட ஒட்டிப்போச்சு. உரிக்கலாமா?

உரிக்கவே உரிக்காதீர்கள். ஈரத்தில் போட்டோவின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பிரேமை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சிசிடி ஸ்கேனரில் வைத்து எடுத்துவிடலாம்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டும் கொண்டுவர வேண்டாம். போன மாதம் கோபியிலிருந்து ஒரு அண்ணன் அவங்க அப்பத்தா படம் கொண்டுவந்தார். கண்ணாடியின் மேல் நெற்றி இருக்கும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் வருஷக் கணக்கில் ஒன்றன் மேல் ஒன்றாகக் காய்ந்து மிளகளவு மேடாகியிருந்தது. துடைக்கட்டுமா என்று கேட்டேன். வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். ஒருமுறை அப்படியே எடுத்தேன், அப்புறம் பொட்டைச் சுரண்டித் துடைத்துவிட்டு ஒருமுறை எடுத்தேன். இரண்டாவதில் அடியில் அப்பத்தாவின் சொந்தப் பொட்டு இருந்தது, கறுப்பு வெள்ளையில், கொஞ்சம் இடது பக்கம் தள்ளி.